இரண்டாம் கட்டுக்கு வழி

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். வெப்சைட் செய்து தரப்படும் என்று போர்டு எழுதியிருந்தாலும், வந்தவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் ஜாதகம்தான் கேட்டார்கள். தன் வீட்டுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கேட்டவர் கண்டரமாணிக்கத்துச் செட்டியார் ஒருவர்தான். அவர் மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலேயே எல்லா வழியையும் பார்த்துவிட வேண்டும் என்று கண்டவர்களிடமெல்லாம் பாடம் எடுப்பேன். வீட்டின் வரலாறு, படங்கள், உறவினர், தொடர்பு என்று ஓரத்தில் பட்டன்கள் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது வேணாம் தம்பி. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு நம்ம வீடு இருக்கபடியே வைங்க. ஒண்ணத் தாண்டி ஒண்ணு போகட்டும்."

முகப்பு சரி. வளவு என்றால் முற்றத்தைச் சுற்றிய பகுதி, இரண்டாம் கட்டு என்றால் அதற்கும் பின்னால் பெண்கள் புழங்கும் இடம் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எரிச்சலாக வந்தது.

"பாக்குறவுக முழிப்பாக ஐயா. யாருக்காக இப்புடிச் சொல்றீக?"

"எம் மகளுக்கு."

ஒரே மகள். படிக்கப் போன இடத்தில் தானே கல்யாணம் செய்துகொண்டாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று விரட்டியவர் இவர்தான். அமெரிக்காவில் இருப்பதாகக் கேள்வி, விலாசம் யாருக்கும் தெரியாது. தாய் போன செய்தி அவளுக்கு எட்டவே இல்லை. என்றாவது ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடமாட்டாளா என்று இருந்தார்.

"அவ மொகப்புல நிக்கமாட்டா தம்பி. நேரா ரெண்டாங்கட்டுக்குத்தேன் போவா. ஆத்தா அங்குட்டுத்தேன இருப்பாக."

அவர் சொன்னபடியே செய்தேன். கடைசிப் பக்கமான இரண்டாம் கட்டில் அந்த அம்மாவின் படமும் இறந்த செய்தியும் போட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணையும் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவார். முகப்பில் எண் ஏறியிருக்கும், வளவில் கொஞ்சம் ஏறியிருக்கும். இரண்டாம் கட்டில் ஒன்றே ஒன்று கூடியிருக்கும். "வந்திருக்கா பாருங்க" என்பார். அவர் முகம் அப்படி மலரும். அந்த ஒன்று நாம் இருவரும்தான், நாம் திறப்பதையும் அது எண்ணும் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அவர் போன பிறகு வேலை ஓடாது.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் கூடியிருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"போன வாரம் நாம தொறக்கல. அவளும் வரல" என்றார் மெதுவாக. பிறகு, "மூடிட்டு இன்னொருக்காத் தொறங்க தம்பி" என்றார்.

திறந்தேன். ஒன்று கூடியது. அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.