தார்ப்பாய்க்குள் இரண்டு ஏசி

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் கம்பெனியின் டேட்டா சென்டர் என்பது முதலாளி வீட்டு மாடியில் ஒரு படுக்கையறை. கட்டிலை எடுத்துவிட்டுச் சர்வர்களை வைத்திருந்தார்கள். விழுப்புரம் வரைக்கும் பல கடைகளும் வீடுகளும் எங்கள் இணைப்பில்தான் ஓடின. சர்வர் ஓயாமல் சூட்டைக் கக்கும். ஏசி நின்றால் கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். அதனால் முதலாளி இரண்டு ஏசி வைத்திருந்தார். "ஒண்ணு படுத்தா ஒண்ணு ஓடும். நம்ம லைனு சாவவே சாவாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் மார் தட்டுவார்.

முதலாளிக்கு ஓமந்தூரில் நிலம். ஒரு சித்திரையில், அங்கே பிடுங்கிய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தார். ஒருநாள் காலையில் தூறிவிட்டு, பிறகு வெயில் கொளுத்தியது. மதியம் நான் சோற்றில் கை வைக்கும்போது அலாரம் அலறியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அனல். இரண்டு ஏசியிலும் வெறும் காற்றுதான் வந்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

முதலாளி லுங்கியோடு மூச்சிரைக்க வந்தார். "இன்னாம்மா இது? போன் அடிச்சிக்கினே இருக்குது, பேஜாரா போச்சு!"

"ரெண்டு ஏசியும் கூல் ஆவல சார்."

"அதெப்படி ரெண்டும் ஒண்ணா போவும்? சங்கம் கிங்கம் வெச்சிருக்குதா? யாராச்சும் கேட்டா விழுப்புரத்துல கேபிள் கட்டுன்னு சொல்லிடு."

அடுத்த போனில் பக்தியோடு அதையே சொன்னேன். "நான் விழுப்புரத்துலதான்மா கடை வெச்சிருக்கேன். எந்தத் தெருவுல கட்டு? போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றது மறுமுனை. முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

மல்லாட்டைக் குவியலின் மேல் பெரிய நீலத் தார்ப்பாய். அதே தார்ப்பாய் பக்கத்தில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டிகள் இரண்டையும் போர்த்தி, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அறையின் சூட்டை வெளியே தள்ள வேண்டிய பெட்டிகள், தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்து வெந்துகொண்டிருந்தன.

"யாரு சார் இத கட்டனது?"

"நான்தான். காத்தால தூறல் போட்டுச்சில்ல? மல்லாட்டை நனைஞ்சா எவன் வாங்குவான்?"

"ஏசியையும் சேத்து மூடிட்டீங்களே!"

"அதுவும் நனையக் கூடாதேன்னுதாம்மா."

அவ்வளவு பாசமாகச் சொன்னவரை எப்படித் திட்டுவது? கயிற்றை அவிழ்த்தேன். வீட்டுக் கூடத்து ஃபேன்களைத் தூக்கிவந்து சர்வர்களுக்கு வீசவிட்டோம். அறை ஆறி, சர்வர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, நெட் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"ஒரே தார்ப்பாய்க்குள்ள அடங்குனா, பத்து ஏசி இருந்தாலும் ஒண்ணுதான் சார்" என்றேன். ஆழமாக யோசித்தவர், சில நாளில் மூன்றாவது ஏசி வாங்கினார். மெக்கானிக் அதன் வெளிப்பெட்டியையும் அந்த இரண்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கிளம்பினார். மாடிப்படியை மறித்து நின்றேன். வீட்டின் பின்சுவரில் மாட்டினால்தான் வழிவிடுவேன் என்றேன்.

"அங்க வூட்டம்மா துணி காயப் போடுற எடம்மா. அனல் அடிக்குமே!" என்றார் முதலாளி.

"ஜல்தியா காயும் சார்" என்றேன். பின்சுவரில்தான் மாட்டினார்கள்.