அடுப்பில் கஞ்சி, குடிசையில் ஆளில்லை

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண் நான். எட்டு வயதிருக்கும்போது பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குடிசைகளுக்கு ஒரு ஜீப் வந்தது. படிக்க வைக்கிறோம் என்றார்கள். அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள், என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். ஒளிந்துகொள்ள எங்கள் சனத்துக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பொன்னேரி விடுதியில் பேன் என்று சொல்லி மாதாமாதம் மொட்டையடித்தார்கள். ஆறு மாதம் பொறுத்தேன். ஒருநாள் காலையில் வரிசையாகக் கடைத்தெருவுக்குப் போகும்போது நழுவினேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தியின் காலிக் கூடையோடு ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னையே முறைத்துப் பார்த்தார்.

"எம் பொண்ணுதான், இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றாள் அவள். யாரென்றே தெரியாத மகராசி. அப்படியும் திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோது, யாரோ ஏறி என் காதைப் பிடிக்கப் போகிறார்கள் என்று சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

இறங்கியதும் ஓட்டம்தான். மேட்டில் குடிசைகள் அப்படியே இருந்தன, ஆள் ஒருவரைக் காணோம். எங்கள் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. "எம்மா, எம்மா" என்று கத்தினேன். கருவேலம் புதரில் ஓர் அசைவு இல்லை. எல்லோரும் செத்துப்போய்விட்டார்களோ என்று நினைத்தேன். கஞ்சி பொங்கி வழிந்தது, இறக்கி வைக்கக்கூடக் கை வரவில்லை. அப்படியொரு பயம் பிரசவத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா புதரிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"யாரு கூட வந்த? ஜீப்பு எங்க நிக்குது?"

"நான் மட்டுந்தாம்மா."

அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள். விடுதிக் கவுனைக் கழற்றி அடுப்பில் திணித்தாள்.

மொட்டைத் தலையும் கவுனுமாக வந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லை என்றே நினைத்திருந்தேன். எனக்கும் ஒரு மகள் பிறந்த பிறகு, நானும் அம்மாவும் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். இறால் போடப் பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"நீ மேட்டுல ஏறச்சொல்லவே நீதான்னு தெரிஞ்சுது. உன்ன முன்னால உட்டுட்டு ஜீப்புக்காரங்க பின்னால வருவாங்கன்னு நெனச்சேன். தம்பி மடியில இருந்தான். அழுதுடப் போறான்னு அவன் வாயப் பொத்தினு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கரையில் ஏதோ ஜீப் சத்தம் கேட்டது. இடுப்பில் மகளோடு புதருக்குள் ஓடி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.