பலத்த அடி இல்லாத தவில்

கீபோர்டில் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பதுண்டு: "அங்கிள், உங்கட தவில் சவுண்ட் பைல்ல கட்டையை ஓங்கி அடிச்சா சத்தமே வரேல்ல. பைல் பழுதோ?"

பழுதும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்ததைக் கேளுங்கள்.

சண்டைக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே எங்கள் ஸ்டூடியோ. அங்கே கீபோர்டுக்குத் தவில் சாம்பிள் எடுத்தோம். சாம்பிள் எடுப்பது என்றால் பாட்டைப் பதிவது அல்ல. வாத்தியத்தின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியே பதிந்து கீபோர்டின் கட்டைகளில் ஏற்ற வேண்டும். அதே அடியை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாய் எடுக்க வேண்டும். கட்டையை அழுத்துகிற பலத்துக்கேற்ப அதில் ஒன்று ஒலிக்கும். மெல்லிய அடிக்கு வொல்யூமைக் கூட்டினால் பலத்த அடி வந்துவிடாது. பூனைக்கு எவ்வளவு சோறு போட்டாலும் புலியாகாதே.

தவில் அடிக்க வந்தவர் யோகராசா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், வடக்கிலிருந்து வரும் தமிழர் அப்போது எடுக்கவேண்டியிருந்த பொலிஸ் பதிவோடு தங்கியிருந்தார்.

"தாளம் இல்லாம ஒத்தை அடி அடிக்கச் சொல்லுறியள். விசர் வேலை அண்ணை!" என்று சிரித்தார்.

ஓர் அடி. அது முழுதாய் அடங்கும்வரை மூச்சுக்கூடக் கேட்கக்கூடாது. பிறகு அடுத்த அடி. பாடகர்களுக்குப் போதுமாயிருந்த எங்கள் சுவர் தவிலின் சத்தத்தைத் தடுக்கப் போதவில்லை. தாளத்தோடு வாசித்திருந்தால் சந்திச் சோதனைச்சாவடியில் நின்றவர்கள் கலியாணம் என்று விட்டிருப்பார்கள். 'டம்' என்று ஒன்று, பிறகு அமைதி, பிறகு இன்னொன்று. அவர்கள் காதுக்கு அது வெடிச்சத்தமாய்ப் பட்டிருக்கிறது.

ஆமிக்காரர் படியேறி வந்தார்கள். யோகராசாவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வாகனத்தில் ஏறச் சொன்னார் அதிகாரி. அந்த நாளில் அப்படி ஏறியவர் எப்போது திரும்புவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி, "சேர், இது வாத்தியம், கேளுங்கள்" என்று கட்டையை மெல்லத் தொட்டேன். மெல்லிய அடி. கொஞ்சம் அழுத்தினேன். நடுத்தர அடி. அதிகாரியின் முகம் இளகியது. தானே ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சத்தமே இல்லை! பலத்த அடியை நாங்கள் இன்னும் எடுத்திருக்கவில்லை.

அதைச் சொன்னேன். நம்பவில்லை. "அப்படியென்றால் இப்போது அடிக்கச் சொல்" என்றார்.

மைக்கைத் திறந்தேன். யோகராசா அடித்தார். அடி நசிந்து விழுந்தது. "ஹய்யென்!" என்று கத்தினார் அதிகாரி. பலமாகவாம். யோகராசா கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று அடித்தார். கட்டிடமே அதிர்ந்தது. அதைக் கட்டையில் ஏற்றிக் கொடுத்தேன். அதிகாரி குத்திப் பார்த்தார். சிரித்தார். சின்னப்பிள்ளை மாதிரி இன்னும் நாலு தரம் குத்திவிட்டு ஆட்களோடு இறங்கிப் போனார்.

"தப்பினம்," என்றேன். "ஆனா என்ன அடி ஐசே அது! இப்பிடி ஒண்டு எனக்கு ஒருநாளும் கிடைச்சதில்லை."

யோகராசா தண்ணீரைக் குடித்து முடித்தார். "அண்ணை, அதை அழிச்சு விடுங்கோ."

"ஏன்?"

"அது என்ர அடி இல்லை. பயத்தில அடிச்சது. நாளைக்கு ஆரும் அதைக் கலியாணப் பாட்டில போடக்கூடாது."

அவருக்கு முன்னாலேயே அழித்தேன். திரும்ப வந்து அடித்துத் தருவதாகச் சொன்னார். வரவில்லை, வெளிநாடு போய்விட்டாராம் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேறொருவரின் அடியை அதில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, ஒரு பைலைத் திறந்ததும் சத்தம் சுத்தமா என்று மட்டும் பார்க்காதீர்கள். அடித்தவர் விரும்பித் தந்த சத்தமா என்றும் விசாரியுங்கள். என் தவிலை ஓங்கி அடித்துப் பாருங்கள். ஒன்றும் கேட்காது. யோகராசா கேட்டுக்கொண்டபடியே அது இருக்கிறது.