வில்லரேயில் எதிராளியின் பத்திரிகையை வாசிக்கும் கடை

ஒட்டாவாவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் மாண்ட்ரியலை ஒழுங்காகச் சுற்றிப் பார்க்கவில்லை என்பது எனக்கே கேவலமாக இருந்தது. 2006 ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மலை ஏறுவது, பழைய துறைமுகத்தில் ஐஸ்கிரீம், இரவு லாசாலில் வரதன் அண்ணை வீட்டில் இடியப்பமும் சொதியும், மறுநாள் பஸ். இதுதான் திட்டம். இதில் சொதி மட்டும்தான் நடந்தது.

வரதன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், லாசாலில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்தார். அவருடைய தங்கை செல்வி நான்கு வருடமாக பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு தவறாமல் அண்ணனுக்குப் பேசுவாள். லெபனானில் குண்டு விழத் தொடங்கிய வாரம் அவளுடைய போன் வரவில்லை. இவர் அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை.

"தம்பி, இஞ்சை டிவியிலை கனடாக்காரரைக் கப்பலிலை ஏத்துறதைத்தான் காட்டுறாங்கள். அரபுப் பேப்பர் பாத்தால் எந்தப் பக்கம் விழுகுது எண்டு தெரியும். வில்லரேயிலை ஒரு லெபனான் கடை இருக்காம், அங்கை வாசிச்சுச் சொல்லுவினமாம். தனியப் போக மனம் வருகுதில்லை. நீங்களும் வாறீங்களோ?"

வராமல்? மலை எங்கே ஓடிவிடப் போகிறது.

காலை எட்டு மணி பஸ். இருநூறு கிலோமீட்டர், இரண்டு மணி இருபது நிமிடம், கட்டணம் 33 டாலர். பின் வரிசையில் உட்காராதீர்கள், கழிப்பறைக் கதவு சரியாக மூடாது. பெர்ரி பஸ் நிலையத்தில் அண்ணை காத்திருந்தார். முகம் சவரம் கண்டு நாலைந்து நாள் இருக்கும். கீழேயே மெட்ரோ. டிக்கெட் இரண்டரை டாலர். ஆரஞ்சு வழியில் ஏறி, ஜாரியில் இறங்கி, டெபனர் எனப்படும் பெட்டிக்கடைகளைத் தாண்டி அறுநூறு மீட்டர் நடந்தால் கடை வந்துவிடும். எள்ளும் புளிப்பான தழைப்பொடியும் தூவிச் சுட்ட ரொட்டி இரண்டு டாலர். அங்கே சாப்பிட வேறெதுவும் தேட வேண்டாம், அதுவே போதும்.

கடைக்காரர் ஜோசப், லெபனான் மலைப்பக்கத்துக் கிறிஸ்தவர். அவருக்கு எதிரே இருந்தவர் ஹசன், டாக்ஸி ஓட்டுபவர், தெற்கு லெபனானில் பிறந்தவர். பதினைந்து வருட நண்பர்கள். அரசியலில் எலியும் பூனையும். பெய்ரூட் விமான நிலையம் அடிபட்டதால் பத்திரிகை வருவது நின்றுவிட்டது. இணையத்திலிருந்து அச்செடுத்த தாள்கள் மேசை நிறையக் கிடந்தன.

கடையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தன் பத்திரிகையைத் தானே படிக்கக் கூடாது. எதிராளியின் கட்டுரையை உரக்க, ஒரு வரி விடாமல் படித்து முடித்த பிறகுதான் பதில் சொல்லலாம். ஜோசப் பிரெஞ்சில் சொல்ல, அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். "முந்தி சண்டையிலை கிளாஸ் உடையுமாம் தம்பி. சட்டம் போட்ட பிறகு ஒண்டும் உடையேல்லையாம்."

ஹசன் ஜோசப்பின் தாளை எடுத்தார். எங்களைக் கேட்காமல் எங்கள் தலையில் இந்தப் போரைக் கட்டியது யார் என்று கேட்டது அந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க ஹசனின் கழுத்து சிவந்தது, ஆனால் நிறுத்தவில்லை. பிறகு ஜோசப்பின் முறை. குண்டு போடுகிறவனை விட்டுவிட்டு, வீடு இடிந்தவனுக்கா புத்தி சொல்வீர்கள் என்றது ஹசனின் தாள். ஜோசப் வேப்பெண்ணெய் குடித்தவர் போல் அதைப் படித்து முடித்தார். மூன்றாவது தாளில், தெற்கே வெளிநாட்டுப் படைகளை நிறுத்தலாமா என்ற வாதம். வந்த படை எல்லாம் சீக்கிரம் போய்விடுகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது என்று ஒரு கட்டுரையாளர் குத்தியிருந்தார்.

அண்ணை அதுவரை ரொட்டியைத் தொடவே இல்லை. தயங்கித் தயங்கி, இத்தனை கட்டுரையில் வீட்டு வேலைக்குப் போன பெண்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்டார். இருவரும் தாள்களைப் புரட்டினார்கள். ஹசன் உதட்டைப் பிதுக்கினார். ஜோசப்பும் இல்லையென்று தலையாட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எனக்குச் சுருக்கென்றது.

"எந்தப் பகுதி?" என்றார் ஹசன்.

"அச்ரஃபியே."

"அங்கே வீடுகள்மேல் விழவில்லை. விழுவதெல்லாம் எங்கள் பக்கம்" என்றார் ஹசன். அதைக் கசப்பில்லாமல் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஜோசப் உடனே அண்ணையிடம் முகவரி வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதியில் இருக்கும் தன் பெரியப்பா மகனை அழைத்தார். ஆறாவது முயற்சியில் கிடைத்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தானாம், நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாராம்.

காத்திருந்தோம். பேச்சை மாற்றவோ என்னவோ, ஹசன் கேட்டார்: "உங்கள் ஊருக்கு எப்போதாவது வெளிநாட்டுப் படை வந்திருக்கிறதா?"

அண்ணை என்னைப் பார்த்தார். "வந்தது. எண்பத்தேழிலை. இவரின்ரை நாட்டிலை இருந்துதான், இந்தியாவிலை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார். இரண்டு லெபனான்காரர்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

நல்லவேளை, போன் அடித்தது. வீடு பூட்டியிருக்கிறது, குடும்பமே மலைக்குப் போய்விட்டது, அந்தப் பெண்ணையும் கூட்டிப் போனார்கள் என்று காவலாளி சொன்னாராம். மலை வீட்டு எண்ணும் கிடைத்தது. ஜோசப் எண்ணைப் போட்டு அண்ணை கையில் கொடுத்தார். யாரோ ஒரு பெண் அரபியில் பேசினாள். அண்ணை திகைத்துப்போய்ப் பிரெஞ்சில் தடுமாறினார். பிறகு மெதுவாக, "செல்வியோ?" என்றார்.

அந்தப் பக்கம் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அண்ணை! ஏன் இந்த நேரத்திலை எடுக்கிறியள்? வவுனியாவிலை அம்மாவுக்கு ஏதுமோ? அங்கையும் சண்டை துவங்கிட்டுது எண்டு சொல்லீனம்!"

இவர் அவளுக்காக ஒரு வாரம் பட்டினி. அவள் அந்தக் குண்டுச் சத்தத்தில் நின்றுகொண்டு ஊருக்காகக் கவலைப்படுகிறாள். மலை வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாதாம், அவ்வளவுதான் விஷயம். அண்ணை சிரித்தார், அழுதார், கடைசியில் ஆறிப்போன ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். ஜோசப் அந்த வீட்டு மேடத்திடம் பேசி, நாட்டை விட்டுப் போனால் செல்வியோடுதான் போவோம் என்று வாக்கு வாங்கினார். ஹசன் எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் அண்ணை ஆரம்பித்தார். "இப்ப சொல்லுங்கோ தம்பி. அப்ப உங்கடை பேப்பரிலை என்ன எழுதினவை?"

"அண்ணே, அப்ப நான் திருநெல்வேலியில ஒன்பதாவது படிக்கேன். நம்ம படை அமைதிக்காகப் போகுதுன்னு போட்டாங்க. மாலை போடுற படம் வந்துது. அப்புறம் செய்தி சின்னதாயிட்டே போச்சு."

குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பிறகு அவர் முறை.

"மாலை போட்டது உண்மைதான். நானும் றோட்டுக்குப் போனனான். செல்விக்கு அஞ்சு வயசு. என்ரை தோளிலை இருந்து உங்கடை கொடியை ஆட்டினவள். ரெண்டு மாசம் போக அதே படையோடை சண்டை. அதே தோளிலை அவளைத் தூக்கிக்கொண்டு, ஊர்ச்சனம் ஒளிச்சிருந்த கோயிலுக்கு ஓடினனான்."

நானும் குறுக்கே பேசவில்லை. லியோனல்-குரூவில் வண்டி மாற வேண்டும், அதைக் கோட்டை விட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தோம். இரவு சொதி பிரமாதம்.

போகிறவர்களுக்கு: பஸ் டிக்கெட்டைப் போகவரச் சேர்த்தே வாங்குங்கள், மலிவு. கடைக்கு மதியத்துக்கு முன்பே போனால் ரொட்டி சூடாகக் கிடைக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு நுழையுங்கள். உங்களுக்கு அறவே பிடிக்காத பத்திரிகை ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள், நாற்காலி தருவார்கள்.

நேற்று அண்ணை போன் செய்தார். மேடம் குடும்பத்தோடு செல்வி டமாஸ்கஸ் வந்து சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனும் பழையபடி வந்துவிட்டது. மெட்ரோவில் பேசியதை அவளிடம் சொன்னாராம்.

"கொடி ஆட்டினது ஞாபகம் இருக்காம், தம்பி. கோயிலுக்கு ஓடினது ஞாபகமே இல்லையாம்" என்றார். "நல்லதாப் போச்சு."