வாசலை ஈடு வைத்த சங்கம்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு நான் தலைவராக இருந்த காலத்தில் வாசல் எங்களுடையதாக இருக்கவில்லை. மற்றதெல்லாம் எங்களுடையதுதான்: பதின்மூன்று குடும்பம், ஒரு குத்துவிளக்கு, இரண்டு மேசைவிரிப்பு, கொம்யூன் என்கிற நகரசபையிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஒரு மண்டபம். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்திலிருந்து ரயிலில் வந்தால் மூன்றாவது தரிப்பில் இறங்க வேண்டும். எங்களில் பாதிப்பேருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை, மீதிப்பேருக்கு முதியோர் இல்லத்தில். இப்படி ஒரு சங்கத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று என் மனைவி ஆரம்பத்திலேயே கேட்டாள். தலைவர்மார் மனைவி சொல்வதைக் கேட்கும் வழக்கம் எங்கள் சங்கத்தில் இல்லை.

ஊரிலிருந்த டேனிஷ் பாட்டுக்குழு ஒன்று தங்களுக்குள் சண்டைபிடித்துக் கலைந்துபோய், ஒலிபெருக்கிச் சாமான்களை இருபதாயிரம் குரோனருக்கு விற்றது. எங்களிடம் இருபது குரோனரும் இல்லை. நான் பெரிய நகரத்துச் சங்கத்திடம் கடன் கேட்டுப் போனேன். அங்கே பொருளாளராக இருந்த அண்ணை, எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் சுங்கக் கிளார்க்காக இருந்தவர். டென்மார்க்குக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றிருந்தாலும், அந்தக் கிளார்க் உத்தியோகம் அவருடைய உடம்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஈடு வைக்க உங்களிட்டை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை அண்ணை.”

“வாசல் இருக்குத்தானே.”

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விளங்கப்படுத்தினார். கடன் தீரும்வரை எங்கள் விழாக்களில் வாசலில் அவர் இருப்பார். உள்ளே வரும் ஆளுக்கும் சாமானுக்கும் கட்டணம் எடுப்பார். அதில் தன் போக்குவரத்து, சாப்பாடு, பதிவுப் புத்தகம், முத்திரை மை எல்லாவற்றையும் முதலில் கழிப்பார். பிறகு வட்டி. பிறகு கடன். மிஞ்சினால் எங்களுக்கு. நான் கையெழுத்துப் போட்டேன், நன்றியும் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒலிபெருக்கியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கோடை விழாவில் அண்ணை காலை எட்டு மணிக்கே கழுத்துப்பட்டியோடு வந்து வாசலில் மேசை போட்டுவிட்டார். தகரப் பெட்டி, பதிவுப் புத்தகம், முத்திரை, ஒரு விலைப்பட்டியல். ஆளுக்கு ஐம்பது குரோனர். உள்ளே விற்கக் கொண்டுவரும் ரோல்ஸுக்குத் தட்டுக்கு முப்பது. வடைக்கு இருபது, ஏனென்றால் நடுவில் ஓட்டை இருக்கிறதாம். மிருதங்கக்காரர் எஸ்பியர்க்கிலிருந்து வந்தபோது, மிருதங்கம் சாமானா இல்லையா என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. என் மனைவி எங்கள் மகளுக்கென்று டப்பாவில் கொண்டுவந்த புட்டையும் அண்ணை திறந்து பார்த்தார்.

“அண்ணை, இது வீட்டுச் சாப்பாடு.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

சனம் வாசலிலும் கட்டி உள்ளேயும் கட்டுவதா என்று ரோல்ஸை வாங்கவில்லை. நாங்களே மூன்று நாள் ரோல்ஸ் சாப்பிட்டோம். ஒலிபெருக்கியோ விழா நடந்த மூன்று மணி நேரமும் கீச்சிட்டுக் கூவியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, கணக்கு முடித்தபோது அப்படித்தான் இருந்தது. அண்ணையின் ரயிலும் சாப்பாடும் வட்டியும் போக, எங்கள் கடன் முந்நூறு குரோனர் கூடியிருந்தது.

அப்போது என் மகள் ஜிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பெரிய சந்தோசம். சரித்திர வகுப்பில் இதைத்தான் படிக்கிறோம் என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தாள். பணக்கார நாடுகள் நொடிந்துபோன அரசுகளுக்குக் கடன் கொடுத்து, அவற்றின் சுங்க வரியை ஈடாக எடுத்ததாம். துறைமுகத்தில் தங்கள் ஆளை இருத்தி, வருகிற கப்பலுக்கெல்லாம் தாங்களே வரி எடுத்துத் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை அந்த அரசிடம் கொடுத்ததாம். துருக்கிக்கும் சீனாவுக்கும் அப்படி நடந்ததாம். கடன் கட்டக் கட்ட, கடன் கட்டுவதற்கே இன்னொரு கடன் வாங்கினார்களாம்.

“அப்பா, நீங்கள்தான் சுல்தான்,” என்று கடைசியில் தமிழில் சொன்னாள்.

சுல்தானுக்கு அரண்மனையாவது இருந்திருக்கும். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை என்பதும் தெரிந்தது.

மறு வருடம் வைகாசியில் இலங்கையில் போர் முடிந்தது. அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு நாங்கள் கோடை விழாவுக்காக மண்டபம் எடுத்திருந்தோம். விழாவை நிறுத்தி அஞ்சலிக் கூட்டம் வைப்பதென்று முடிவெடுக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பதின்மூன்று குடும்பத்தில், கடைசிச் சண்டை நடந்த வன்னியில் ஆளில்லாத குடும்பம் இரண்டோ மூன்றோதான்.

என் மனைவியின் தம்பி அங்கே இருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் வேலையால் வந்து கணினியில் அகதி முகாம்களின் பெயர்ப் பட்டியல்களைத் தேடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் கை காட்டுவாள். கூட்டத்துக்கு எல்லோரும் தங்கள் ஆட்களின் படம் கொண்டுவருவதென்று பேசினோம். அவனுடைய படத்தையும் வைப்போமா என்று நான் மெல்லக் கேட்டேன்.

“செய்தி வரேல்லை எண்டால் செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னது? ஒருத்தரும் அவன்ரை படத்தைத் தொடக்கூடாது.”

இரண்டு பேருக்கும் தெரிந்ததைத்தான் நான் பேசினேன். அவள் வாயால் அது வரவில்லை, அழவும் இல்லை. அவள் ஒரு தடவையாவது அழுதுவிட மாட்டாளா என்பதே அந்த நாட்களில் என் ஒரே கவலையாக இருந்தது.

நான் பெரிய சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை வாசலில் ஆள் வேண்டாம், செத்தவீட்டில் யாராவது நுழைவுச்சீட்டு விற்பார்களா என்று கேட்டேன். அந்தச் சங்கத்துத் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் பொருளாளர் அண்ணை, செயற்குழு கூடித் தீர்மானம் போடாமல் வாசலைக் கைவிட முடியாது என்றாராம். செயற்குழு ஆனியில்தான் கூடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே.

கூட்டத்தன்று அண்ணை வந்துவிட்டார். இந்த முறை கறுப்புக் கழுத்துப்பட்டி. மேசையைப் போட்டு, பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். அதில் சாவைப் பற்றி ஒன்றும் இல்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மரணச் சாமானுக்கு வரியில்லை. கொழும்பிலை சவப்பெட்டி வந்தாலும் நாங்கள் ஒரு சதம் எடுக்கிறேல்லை. படம் கொண்டு வாறவைக்கும் இல்லை. சும்மா வாறவைக்கு மட்டும் ஐம்பது.”

“இண்டைக்குச் சும்மா ஆர் அண்ணை வருவினம்?”

“பார்ப்பம்.”

ஒவ்வொருவராகப் படத்தோடு வந்தார்கள். அவர் பெயரையும் முறையையும் கேட்டு எழுதி, பக்கத்தில் ‘விலக்கு’ என்று முத்திரை குத்தினார். ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் பூங்கொத்தோடு வந்தார். பூ விளைபொருளல்லவா என்று யோசித்து, அதையும் மரணச் சாமானில் சேர்த்தார். எங்கள் செயலாளருக்கு வன்னியில் யாருமில்லை. அவர் தகப்பனின் படத்தைக் கொண்டுவந்தார். தகப்பன் நீரிழிவில் செத்து எத்தனையோ வருடம். அண்ணை படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, செத்தது உண்மைதானே என்று முத்திரை குத்தினார்.

என் மனைவி முதியோர் இல்லத்து வேலை முடிந்து நேரே வந்தாள். கையில் கைப்பை மட்டும்.

“படம்?”

“இல்லை.”

“அப்ப ஐம்பது, பிள்ளை.”

நான் ஓடிப்போனேன். “அண்ணை, இவ என்ரை மனிசி. இவவின்ரை தம்பி...”

“அவனுக்கு ஒண்டுமில்லை,” என்று அவள் என்னை நிறுத்தினாள். கைப்பையிலிருந்து நூறு குரோனர்த் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். “ரெண்டு தாங்கோ.”

“மற்றது ஆருக்கு?”

“தம்பிக்கு. வந்தால் உள்ளை வரட்டும்.”

எனக்கு அந்த மேசையை அப்படியே புரட்டிவிட வேண்டும் போலிருந்தது. அவளையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அண்ணை தலையை நிமிர்த்தாமல் அவனுடைய பெயரைக் கேட்டு எழுதினார். இரண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். அன்று முழுவதும் பெட்டிக்குள் விழுந்தது அந்த நூறு குரோனர்தான்.

உள்ளே மெழுகுதிரி கொளுத்தினோம். மௌன அஞ்சலியின் நடுவில் ஒலிபெருக்கி கூவத் தொடங்கியது. செயலாளர் ஏதோ ஒரு வயரைப் பிடுங்கினார், மண்டபத்து விளக்குகள்தான் அணைந்தன, அது நிற்கவில்லை. யாரோ சிரித்து, சிரிப்பு அழுகையாகி, பிறகு எல்லோரும் ஓவென்று அழுதார்கள். என் மனைவி மட்டும் கடைசி வரிசையில், பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆறு மணிக்கு மண்டபத்தைக் கொடுக்க வேண்டும். காவலாளி திறப்புக் கொத்தோடு வந்து கை மணிக்கூட்டைப் பார்த்தார். சனம் போய்விட்டது. அண்ணை மட்டும் வாசலை விட்டு எழும்பவில்லை.

“அண்ணை, எழும்புங்கோ. பூட்டவேணும்.”

“ஏலாது தம்பி. ரெண்டு சீட்டு வித்தது. ஒரு ஆள்தான் வந்தது. காசு வாங்கினாப் பிறகு வாசலைப் பூட்டேலாது.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் ரயில் நிலையத்துப் பக்கம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காவலாளிக்கு டேனிஷில் விசயத்தைச் சொன்னாள். அவர் மணிக்கூடு கட்டிய கையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கால்மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் அந்த வெறும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பஸ் வந்தது. ஒரு டேனிஷ் பெண் குழந்தை வண்டியோடு இறங்கிப் போனாள்.

மனைவி கைப்பையோடு வெளியே வந்தாள். அவளும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“பூட்டுங்கோ அண்ணை. அவன் வரமாட்டான்.”

அண்ணை பெட்டியைத் திறந்தார். அதில் நூறு குரோனர்த் தாள் மட்டுமே இருந்தது. தன் சட்டைப் பையிலிருந்து ஐம்பது குரோனரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“வராத ஆளின்ரை காசைச் சங்கம் வைச்சிருக்கக்கூடாது. இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, பிள்ளை.”

“எங்கை?”

அவர் புத்தகத்தைத் திருப்பி, தம்பியின் பெயருக்கு நேரே விரலை வைத்தார். அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் பாதியில் நின்றது, அவள் மேசையில் தலையை வைத்துப் பெரிதாக அழத் தொடங்கினாள்.