கற்றாழையின் முதல் வெட்டு

லுணுகலையைத் தாண்டி மொனராகலைப் பக்கமாக இறங்கும் சரிவில், தேயிலை கைவிடப்பட்ட ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கற்றாழை நட்டவர் என் மனைவி. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் தொடங்கிய காரியம் அது. பதுளையிலிருந்து வார இறுதிகளில் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவதும், அவர் திரும்பும்வரை காருக்குள் அமர்ந்து வாசிப்பதுமே என் பங்காக இருந்தது. மடல்கள் முற்றி வெட்டுக்கு வந்தபோது அவர் இல்லை.

நிலத்தை உரியவரிடம் ஒப்படைத்துவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். அதற்குமுன், அவர் நட்டது ஒருமுறையாவது லொறி ஏறிப் போக வேண்டும் என்று விரும்பினேன்.

வெட்டுக்கு வந்த பெண்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். நடும்போதும் களை எடுக்கும்போதும் மனைவியோடு நின்றவர்கள். வெட்டு அவர்களுக்கும் புதிது. செடிக்கு மூன்று மடல் என்று சொல்லிக் கத்திகளைக் கொடுத்துவிட்டு, மடல் வாங்கவரும் வியாபாரியின் லொறியை எதிர்பார்த்து வீதிக்கு இறங்கினேன். கற்றாழையில் அடியிலுள்ள முற்றிய மடல்களையே வெட்ட வேண்டும், குருத்தைத் தொடக்கூடாது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வியாபாரியோடு திரும்பி ஏறியபோது மேல் வரிசை முடிந்திருந்தது. கத்திகள் ஓரமாகக் கிடந்தன. பெண்கள் ஒவ்வொரு செடியின் உச்சியையும் விரல்களாலேயே திருகி, இரண்டு இளமடலும் ஒரு குருத்துமாகத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள். தடித்த மடல்கள் அத்தனையும் செடியிலேயே இருந்தன.

பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் அந்த வியாபாரி கூடைக்குள் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்ன சேர் இது? இத வெச்சு தேயிலத் தூளா போடப் போறீங்க?”

“மூணுன்னுதானே சேர் சொன்னீங்க. மூணுதான் எடுத்தோம்,” என்றாள் ஒருத்தி.

“நீ பேசாம இருடி,” என்றாள் மூத்தவள். “தேயிலையில முத்துன எலைய எடுத்தா கங்காணி கத்துவாரு. கை அப்பிடியே பழகிப்போச்சு சேர்.” கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். “டீச்சரம்மா இருந்திருந்தா நல்லா ஏசியிருப்பாங்க.”

“ஏசியிருப்பா,” என்றேன்.

மற்ற வரிசைகளை முறையாக வெட்டினார்கள். வெட்டுவாய் கீழே இருக்கச் சாய்த்துவைத்து, மஞ்சள் பால் வடிந்தபின் லொறியில் அடுக்கினார்கள். குருத்துகளை வியாபாரி எடுக்கவில்லை. மேல் வரிசை இனி என்னவாகும் என்று அவரிடம் கேட்டேன்.

“சாகாது சேர். நடுவு போனா பக்கத்தால கன்னு வெடிக்கும். ஆனா சுணங்கும். நீங்கதான் நிலத்த விடப்போறீங்களே, புடுங்கிப் போட்டுட்டுக் குடுத்துடுங்க.”

வெட்டு ஒழுங்காக முடிந்திருந்தால் அன்று மாலையே உரியவரிடம் போயிருப்பேன். அந்த வரிசையை அப்படி நிற்கவிட்டு ஒப்படைக்க என்னால் இயலவில்லை. பிடுங்கச் சொல்லவும் இயலவில்லை.

“புடுங்க வேண்டாம்,” என்றேன்.

“அப்ப அடுத்த வெட்டுக்கும் வரவா?” என்று கேட்டார் வியாபாரி.

“வாங்கோ. மேல் வரிசைக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேணும்.”