ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெட்டி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். மகள் கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "சென்னைக்கு பஸ்ல போறதுக்குள்ள அங்க போயிடலாங்க." சொல்வாரே தவிர, நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் போனதில்லை. மகளுக்குப் பிரசவம் நெருங்கியதும் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம்.

நான் கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலமாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து, பெட்டியை வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். காலையில் குளித்த கையோடு அவரே பெட்டியைத் தூக்கிப்போய் எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்தார். பாஸ்போர்ட் இருந்த கைப்பையையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பத்திரமாக இருக்குமாம்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். சொன்ன நாளுக்கு முன்பே வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"பயமா இருக்கும்மா. நீ வந்துடுவல்ல?"

"இதோ கிளம்பிட்டேன்டி."

வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. உறையூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது.

ஜன்னல் வழியாகப் பெட்டி தெரிந்தது. அடையாளத்துக்கு நான் கட்டிய சிவப்பு ரிப்பன்கூடத் தெரிந்தது. கம்பிக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. என் கணவர் துணி காயப்போடும் கம்பை எடுத்துவந்து கைப்பையை இழுக்கப் பார்த்தார். பெட்டி சாய்ந்து இன்னும் தள்ளிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பைப் பிடுங்கி வீதியில் எறிந்தேன்.

"வந்துடுவாங்க, கொஞ்சம் பொறு."

"ராகு காலம் போயிடுச்சா பாருங்க முதல்ல!"

போயிருந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் வந்தார்கள். "ஐயோ, மறந்தே போயிட்டேங்க" என்று பதறிய அந்த அம்மாவை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியோடு நேராக ஆட்டோவில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன். முன்னாலும் பின்னாலும் பஸ், நடுவில் கால் வைக்கக்கூட இடமில்லை.

விமான நிலையத்தில் கவுன்டரை மூடிவிட்டார்கள். கெஞ்சினேன். "இனிமே நாளைக்குத்தாங்க மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

அப்போது மகளின் போன் வந்தது.

"அம்மா, பிரசவ வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. ஏறிட்டியா?"

கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டேன்டா கண்ணு. போனை அணைக்கச் சொல்றாங்க. நாலு மணி நேரம்தான், தைரியமா இரு."

"சரிம்மா" என்றாள். குரலில் பாதி பயம் போயிருந்தது.

என் போனை அணைத்தேன். யாராவது கூப்பிட்டால் அவர் உளறிவிடக் கூடாதென்று அவருடையதையும் வாங்கி அணைத்தேன். அங்கே என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்க முடியாமல், மடியில் இரண்டு போன்களையும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.